காட்டுப் பாதைக்கு ஒரு சிறு மோட்டார் வண்டி

நம் சங்கத்து அன்பர்கள் நால்வர் பணம் திரட்டிப் பழைய ஜிப்சி வண்டி ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறார்கள். அதை உயரத் தூக்கி, பெரிய டயர் பூட்டி, கூரைமேல் மூட்டை ஏற்றி, கோடை விடுமுறையில் ஸ்பித்திப் பள்ளத்தாக்குக்குப் பிரயாணம் செய்வதாகத் திட்டம். நான் பௌதிகம் படிக்கிறவன் என்பதாலும், என் அண்ணனிடம் ஜிம்னி ஒன்று இருப்பதாலும், என்னென்ன மாற்றவேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே சற்று விரித்து எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. சுசூகி நிறுவனம் 1970-இல் ஜப்பானில் வெளியிட்ட ஜிம்னி என்ற சிறு வண்டியின் வழித்தோன்றல்களே இவை இரண்டும். மாருதி 1985-இல் நம் நாட்டில் ஜிப்சியைக் கொண்டுவந்தது. முதலில் அதன் இயந்திரம் 970 கன செ.மீ.; பிறகு 1.3 லிட்டர். இராணுவத்தில் நெடுங்காலம் உழைத்த வண்டி அது. 2019-இல் பொதுமக்களுக்கு விற்பது நின்றது. 2023-இல் ஐந்து கதவு ஜிம்னி வந்தது: 1,462 கன செ.மீ. இயந்திரம், ஏறக்குறைய 105 குதிரைத்திறன், எடை சுமார் 1,200 கிலோ, நீளம் 3,985 மி.மீ. நான்கு மீட்டருக்குப் பதினைந்து மி.மீ. குறைவு.

இந்தச் சிறு வண்டிகள் மலையேறும் இரகசியம் குதிரைத்திறனில் இல்லை. அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம். முன்னும் பின்னும் ஒரே தண்டாக இறுகிய அச்சு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் கியர்ப் பெட்டி. அதில் 'லோ' என்ற தாழ்ந்த கியர். ஜிம்னியில் அந்தத் தாழ்ந்த கியரைப் போட்டால் வேகம் பாதியாகி, சக்கரத்தைத் திருப்பும் விசை இரட்டிக்கும். இறுகிய அச்சின் நன்மை வேறு. ஒரு பக்கச் சக்கரம் பாறைமேல் ஏறும்போது, அதே அச்சு மறுபக்கச் சக்கரத்தைப் பள்ளத்துக்குள் அழுத்துகிறது. ஆகவே சக்கரங்கள் எளிதில் மண்ணை விட்டுக் கிளம்புவதில்லை. கிளம்பிவிட்டால் டிஃபரன்ஷியலின் குணம் வெளிப்படும். அது இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கு விசையையே பங்கிடும். அந்தரத்தில் சுழலும் சக்கரத்துக்கு விசை வேண்டியதில்லை, எனவே மண்ணில் நிற்பதற்கும் விசை கிடைக்காது. ஜிம்னியில் சுழலும் சக்கரத்தைத் தானாகவே பிரேக் பிடித்து நிறுத்தி, மறு சக்கரத்துக்கு விசை போகச் செய்யும் ஏற்பாடு உண்டு. ஜிப்சியில் அது இல்லை. ஓட்டுகிறவரின் கண்தான் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று தீர்மானிக்கவேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் ஏறியவர்கள், அந்த ஓட்டுநர்களின் கண்ணையும் காலையும் பார்த்திருப்பார்கள். ஆயிரம் சாமான் பூட்டினாலும் அதற்கு ஈடாகாது.

(காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையைப் போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடவேண்டும். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கித் தீர்ந்துவிடும். தாரில் தீராமல் கியர்களை முறுக்கும்.)

இனி மாற்றங்களுக்கு வருவோம். எல்லோரும் முதலில் ஆசைப்படுவது வண்டியை இரண்டு அங்குலம் தூக்குவதற்கு. சுருள்வில்லின் மேல் ஒரு கட்டையை வைத்தோ, உயரமான வில்லை மாட்டியோ பட்டறைக்காரர் ஒரே நாளில் தூக்கித் தந்துவிடுவார். ஆனால் எது உயர்ந்தது என்று குனிந்து பாருங்கள். ஜிம்னிக்குச் சொல்லப்படும் 210 மி.மீ. தரையிடைவெளி, மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் தரைக்கும் உள்ள தூரம். இறுகிய அச்சுள்ள வண்டியில் அந்தத் தாழ்ந்த பாகம் அச்சின் நடுவே புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் குடம். வில்லை உயர்த்தினால் உடல் உயரும். குடம் இருந்த இடத்திலேயே இருக்கும்! நடுவழியில் நீட்டிய கல் முன்போலவே அதில் இடிக்கும். மேட்டின் முகட்டில் வயிறு தட்டாமல் கடக்கவும், பெரிய டயருக்கு இடம் பண்ணவும் உயர்த்துவது உதவும் என்பது உண்மை. குடத்தை உயர்த்த டயரின் ஆரம் ஒன்றே வழி. அதிலும் கணக்குப் பாருங்கள்: ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ.; பலர் மாற்றும் 215/75 ஆர்15 டயரின் விட்டம் 703.5 மி.மீ. குடத்துக்குக் கிடைப்பது ஐந்து மி.மீ. 235/75 போட்டால் இருபது மி.மீ. கிடைக்கும். ஆனால் வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி 63-க்கு மேல் ஓடும். கனமான டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் இயந்திரமும் பிரேக்கும் அதிகம் உழைக்கும்.

வண்டியைத் தூக்குவதற்கு வேறு விலையும் உண்டு. மிதிவண்டியின் முன் கவை சற்றுச் சாய்ந்திருப்பதால்தான் அது நேராக ஓடுகிறது. மோட்டாரின் முன் சக்கரத்துக்கும் அத்தகைய சாய்வு உண்டு; காஸ்டர் கோணம் என்பார்கள். ஜிம்னியைத் தூக்கும்போது அச்சைப் பிடித்திருக்கும் கைகள் சாய்ந்து அந்தக் கோணம் குறைகிறது. குறுக்கே பிடித்திருக்கும் தண்டு அச்சையே ஒருபுறமாக இழுத்துவிடுகிறது. விளைவு, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைபாயும். இவற்றைச் சரிசெய்யாமல் கட்டையை மட்டும் வைத்து அனுப்பும் பட்டறைகளே அதிகம். பிரேக் குழாயின் நீளம் போதுமா என்றும் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் கவிழ்வது. சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் ஏறக்குறைய 1,400 மி.மீ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் வண்டி பக்கவாட்டில் 45 பாகை சாய்ந்தால் கவிழும். இரண்டு அங்குலம் தூக்கினால் அச்சும் சக்கரமும் உயர்வதில்லையாதலால் மையம் சுமார் 40 மி.மீ. உயரும் என்று கொள்ளலாம். கோணம் 43 பாகையாகும். இது பெரிதாகத் தோன்றாது. இப்போது கூரைமேல் 75 கிலோ மூட்டையை ஏற்றுங்கள். அந்த மூட்டையின் மையம் தரையிலிருந்து 1,900 மி.மீ. உயரத்தில் இருக்கும். 75-ஐ 1,200-ஆல் பெருக்கி மொத்த எடையான 1,275-ஆல் வகுத்தால், வண்டியின் மையம் மேலும் 70 மி.மீ. உயர்கிறது. பட்டறையில் பணம் கொடுத்துத் தூக்கியதைவிடக் கூரைக் கம்பித் தட்டு அதிகம் தூக்கிவிட்டது! கோணம் 41-க்கு இறங்கிவிட்டது. இதுவும் காகிதக் கணக்கு. வில் அமுங்கி, டயர் நசுங்கி, ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் இதைவிட வெகு முன்னதாகவே உருளும். ஒருபுறம் ஸ்பித்தி ஆறு கிடுகிடு பள்ளத்தில் ஓடும் வழியில் இந்த நான்கு பாகை அற்பமன்று. கூடாரமும் அரிசியும் பெட்ரோல் டப்பாவும் வண்டிக்குள் தாழ்வாகவே போகட்டும். நால்வருக்கும் சாமானுக்கும் சேர்ந்து இடம் போதாதென்றால் சாமானைக் குறையுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு: டயரின் காற்றைக் குறைப்பது. ஒரு சக்கரம் 300 கிலோ தாங்குகிறது. 30 பவுண்டு அழுத்தத்தில் டயர் மண்ணைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 140 சதுர செ.மீ.; 15-க்குக் குறைத்தால் அது இருமடங்காகும். டயர் நீளவாட்டில் படிந்து, கற்களைச் சுற்றி வளைந்து பிடிக்கும், மணலில் புதையாது. திரும்பத் தார்ச்சாலைக்கு வருமுன் காற்றை நிரப்பிவிடவேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். ஆகவே நான் முதலில் வாங்கச் சொல்லுவது அழுத்தமானி ஒன்று, பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று, நல்ல ஸ்டெப்னி ஒன்று. அடுத்தது, சட்டத்தோடு போல்ட்டு போட்டு இறுக்கிய கொக்கி முன்னும் பின்னும். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும்போது பலவீனமான கொக்கி பிய்ந்தால் அது பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும்; இதில் உயிர் போனவர்கள் உண்டு. இழுக்கும் கயிற்றுக்கு அருகே யாரும் நிற்கவேண்டாம்.

சட்டத்தையும் சொல்லவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முகப்பில் மாட்டும் இரும்புக் காப்புக் கம்பிகளுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. அடிபடும் நடைபயணிக்கு அது எமன். மோதலின் விசையை உணர்ந்து காற்றுப் பையை விரிக்கும் கருவியையும் குழப்பும்.

ஜிப்சி வாங்கப் போகிறவர்கள் 15 ஆண்டுப் பதிவு எப்போது முடிகிறது என்று பாருங்கள். பிறகு சட்டத்தின் அடியில் படுத்துப் பார்த்து, துருவைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மாற்றத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி பிரேக்குக்கும், கமானிப் பட்டைகளுக்கும், ரேடியேட்டருக்கும் போவதே நியாயம். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கினால் மிஸ்திரியைத் திட்டவேண்டாம். 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா போன்ற கணவாயில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான், இயந்திரத்தின் பலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். தாழ்ந்த கியரைப் போட்டு மெதுவாக ஏறுங்கள். சந்திரதால் ஏரிப் பக்கம் போனால் பசும்புல்லில் வண்டியை இறக்காதீர்கள். அந்தக் குளிரில் ஒரு சக்கரத் தடம் ஆறப் பல ஆண்டுகள் ஆகும். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை இடுப்பளவு ஓடும். தண்ணீர் முழங்காலுக்கு மேலே, அடி தெரியாமல் இருந்தால் வண்டியைக் கரையிலே நிறுத்திவிட்டு, அடுப்பை மூட்டி, மறுநாள் காலை வரை காத்திருங்கள்.