செக்கோவின் ‘பல்வண்ணக் கதைகள்’: பேச்சே கதையான விந்தை

அன்ரன் செக்கோவ் என்றதும் இலக்கிய ஆர்வலர் மனதில் எழுபவை ‘ஆறாவது வார்டு’, ‘செரித் தோட்டம்’ முதலிய ஆக்கங்களே. வாழ்வின் துயரத்தை மெல்லிய குரலிற் சொன்ன கலைஞர் என்ற படிமம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும் அவர் எழுத்துலகிற் புகுந்தது ஒரு சிரிப்பெழுத்தாளராகவே. அக்காலத்தின் அறுவடையாக 1886ஆம் ஆண்டு வெளிவந்த ‘பல்வண்ணக் கதைகள்’ என்ற தொகுதியைப் பற்றியே இன்று நோக்கவுள்ளோம்.

1860இல் தகன்ரோக் நகரிற் பிறந்த செக்கோவ், தந்தையாரின் கடை நொடித்துப்போன பின்னர், 1879இல் மருத்துவம் பயில மொஸ்கோ சென்றார். குடும்பச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. ‘அந்தோஷா செக்கோந்தே’ என்ற புனைபெயரிற் நகைச்சுவை ஏடுகளுக்கு எழுதத் தொடங்கினார். 1882 முதல், லெய்கின் என்பார் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நடத்திய ‘ஓஸ்கோல்கி’ வார ஏடு அவருக்குக் களமாயிற்று. அவ்வேட்டில் ஓர் ஆக்கத்துக்குக் கிடைத்த இடம் ஏறத்தாழ நூறு வரிகளே. இயற்கை வருணனைக்கோ நீண்ட பீடிகைக்கோ அங்கு இடமில்லை. மனிதரைப் பேசவிடுவதே அவருக்கிருந்த வழி. இந்த நெருக்கடியிலிருந்தே, இரண்டொருவர் உரையாடலிற் பிறந்து அவ்வுரையாடலோடு முடியும் அவரது சிறு சித்திரங்கள் உருவாயின. அத்தகைய ஆக்கங்கள் 77ஐ ‘ஓஸ்கோல்கி’ வெளியீட்டகம் நூலாக்கியது.

தொகுதியிலுள்ள ‘பச்சோந்தி’ நம்மிற் பலர் அறிந்த கதை. சந்தையில் நாயொன்று பொற்கொல்லன் ஒருவனின் விரலைக் கடித்துவிடுகிறது. விசாரிக்க வரும் பொலிஸ் அதிகாரி ஒச்சுமேலொவ், நாயைக் கொல்ல வேண்டும் என்கிறார். அது ஜெனரலின் நாய் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதும், குற்றம் கடிபட்டவனுடையதாகிறது. இல்லை என்றதும் மீண்டும் நாயுடையதாகிறது. இவ்வாறு பலமுறை மாறியபின், ஜெனரலின் சமையற்காரர் வந்து, நாய் ஜெனரலுடையதன்று, அவர் சகோதரருடையது என்கிறார். நாய் பிழைத்துக்கொள்கிறது. இங்கே ஆசிரியர் எவரையும் கண்டிக்கவில்லை. அதிகாரியின் வாயே அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

‘குற்றவாளி’ என்ற கதை முழுவதும் ஒரு விசாரணை. தண்டவாளத்திலிருந்து நட்டொன்றைக் கழற்றிய டெனிஸ் என்ற குடியானவனை நீதவான் விசாரிக்கிறார். புகையிரதம் கவிழ்ந்து உயிர்கள் போகுமே என்கிறார் அவர். தூண்டிலுக்குப் பாரம் வேண்டாமா என்கிறான் இவன்; தொடர்ந்து எந்த மீன் எந்த ஆழத்தில் மேயும் என விளக்குகிறான். ஊரார் யாவரும் இவ்வாறே நட்டுகளைக் கழற்றுகின்றனர். அவற்றைக் கட்டிய வலைகளைக் கனவான்களும் வாங்குகின்றனர் என்பது போகிற போக்கில் வெளிப்படுகிறது. இருவரும் பேசுவது ஒரே மொழி; ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டவில்லை. டெனிஸைச் சிறைக்குக் கொண்டு செல்கையில், எதற்காக என்பதே அவனுக்கு விளங்கவில்லை. நமது சிரிப்பு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

தொகுதியின் சிறப்பை முழுமையாக உணர்த்துவது ‘பருமனும் ஒல்லியும்’ என்ற கதையே. பாலிய நண்பர் இருவர் புகையிரத நிலையத்திற் சந்திக்கின்றனர். கட்டித் தழுவி, பள்ளிக்கூடப் பட்டப்பெயர்களை நினைவுகூர்ந்து மகிழ்கின்றனர். பருமனானவர் தாம் மிக உயர்ந்த பதவியில் இருப்பதைச் சொன்ன கணத்தில் ஒல்லியர் வெளிறிப்போகிறார். உடல் குறுகுகிறது, ‘நீ’ மறைந்து மேன்மை தங்கிய விளி வந்துவிடுகிறது. நண்பர் வேண்டாமென்று தடுத்தும் பயனில்லை. மகா பீற்றர் 1722இல் வகுத்த, பதினான்கு படிகள் கொண்ட பதவி அட்டவணை, இரு நண்பர்களின் நடுவே வந்து நின்றுவிடுகிறது.

இக்கதை 1883இல் ஏட்டில் வந்தபோது வேறு வகையாக இருந்தது. அதிற் பருமனானவர் ஒல்லியரின் நேரடி மேலதிகாரி. ஆகவே அச்சத்துக்குக் காரணம் இருந்தது. தொகுதிக்காகத் திருத்துகையில் செக்கோவ் அந்த உறவை அகற்றிவிட்டார். இப்போது ஒல்லியர் அஞ்சுவதற்குக் காரணமே இல்லை; அவர் அடையவோ இழக்கவோ எதுவுமில்லை. இருந்தும் முதுகு வளைகிறது. சூழ்நிலையால் நேர்ந்த பணிவு, இரத்தத்தில் ஊறிய அடிமைத்தனமாக மாறிவிட்டது. ஒரு வேடிக்கைத் துணுக்கு இலக்கியமானது இந்தத் திருத்தத்தினாலேயே எனத் துணிந்து கூறலாம்.

செக்கோவின் பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து, 1841இல் பணம் கொடுத்துக் குடும்பத்தின் விடுதலையைப் பெற்றவர். தன்னுள் இருக்கும் அடிமையைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து வெளியேற்றும் ஓர் இளைஞனைப் பற்றி 1889இல் செக்கோவ் தம் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதினார். ஒல்லியரைப் படைத்தபோதே அவர் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார் எனலாம்.

நேயர்களே, இக்கதையைச் சுவைப்பதில் தமிழருக்கு ஒரு வாய்ப்புண்டு. இன்றைய ஆங்கிலத்தில் முன்னிலைக்குப் பொதுவாக ஒரே சொல். ருஷ்ய மொழியில் இரண்டு. நம்மிடமோ நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள். ஆங்கிலத்தின் வழியாக மட்டும் மொழிபெயர்ப்பவர், கதையின் உயிர்நாடியான அந்த விளிமாற்றத்தைத் தவறவிடக்கூடும். கந்தோர் வாசலில் நிற்கையில் நமது நாவும் எவ்வளவு விரைவாகப் படி மாறுகிறது என்பதை நாமும் அறிவோம். ஒல்லியர் நமக்கு அந்நியரல்லர்.

1886 மார்ச்சில் மூத்த எழுத்தாளர் கிரிகொரோவிச், திறமையை வீணாக்காது நின்று நிதானித்து எழுதுமாறு செக்கோவுக்குக் கடிதம் எழுதினார். அதன் பின்னர் அவரது எழுத்து ஆழம் பெற்றது. 1890 நவம்பரில், சகாலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பிலும் கண்டியிலும் தங்கியபோது அவர் புகழ்பெற்ற எழுத்தாளர். மறு ஆண்டு ‘பல்வண்ணக் கதைகள்’ இரண்டாம் பதிப்புக் கண்டபோது, பாதிக்கு மேற்பட்டவற்றைத் தாமே நீக்கினார். மேற்கூறிய மூன்றையும் அவர் கைவிடவில்லை. பிற்காலச் செக்கோவை மட்டும் படித்தவர்கள் இவற்றையும் படிக்க வேண்டும்; முடியுமாயின், இருவராக அமர்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். எந்த இடத்திற் சிரிப்பு நிற்கிறது என்பதை அப்போது காது சொல்லும்.