வலிக்காத தீக்காயம்

நெருப்பு பட்டால் கை தானாகப் பின்வாங்கும். கந்தக அமிலம் தெறித்தால் எரிச்சல் தாங்காமல் ஆள் குழாயடிக்கு ஓடுவார். பீனால் பட்டால் இந்த இரண்டுமே நடக்காமல் போகலாம். முதலில் லேசாகச் சுருக்கென்று இருக்கும். சற்று நேரத்தில் அந்த இடம் மரத்துப்போய், தோல் வெளுத்துச் சுருங்கும். வலிதான் இல்லையே என்று தொழிலாளி பழந்துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். அந்தச் சில நிமிடங்களில் பீனால் தோலைக் கடந்து ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும்.

நிலக்கரித் தாரிலிருந்து 1834இல் ஜெர்மானிய வேதியியலாளர் ரங்கே பிரித்தெடுத்த பொருள் இது. கார்பாலிக் ஆசிட் என்ற பெயரில் மருத்துவத்துக்கு வந்தது. 1865இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், கால் எலும்பு முறிந்து புண்ணாகிக் கிடந்த ஒரு சிறுவனின் காயத்தில் இதில் நனைத்த துணியைக் கட்டினார். சீழ் பிடிக்காமல் புண் ஆறியது; அறுவை சிகிச்சையின் வரலாறே திரும்பியது. கிருமியைக் கொன்ற அந்தக் குணம் மனிதத் தசையையும் விட்டுவைக்கவில்லை. கார்பாலிக் கரைசலில் கை நனைத்த மருத்துவர்களுக்குத் தோல் உரிந்தது, விரல்கள் மரத்தன. அறுவை அரங்கில் அதைக் காற்றில் தெளிக்கும் முறையைப் பின்னாளில் லிஸ்டரே கைவிட்டார்.

மருத்துவமனையில் குறைந்த பீனால் தொழிற்சாலையில் பெருகியது. தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை ஒட்டும் பிசின், வண்டி பிரேக் லைனிங், கோவை ஃபவுண்டரிகளில் ஷெல் அச்சுக்கு மணலைக் கெட்டிப்படுத்தும் ரெசின், பாலிகார்பனேட் பிளாஸ்டிக், ஆஸ்பிரின் என்று பலவற்றுக்கும் இதுவே மூலம். கொச்சி அம்பலமுகளில் இந்துஸ்தான் ஆர்கானிக் கெமிக்கல்ஸ், குஜராத் தஹேஜில் தீபக் பினாலிக்ஸ் ஆகிய ஆலைகள் இதைத் தயாரிக்கின்றன.

சுத்தமான பீனால் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸில் உருகும். நம் ஊர்ப் பருவநிலைக்கு இது விபரீதமான அளவு. மார்கழியில் டிரம்முக்குள் கல்லாக இறுகிக் கிடப்பது, அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கொட்டகைக்குள் தானாகவே இளகிவிடும். கட்டியாக இருக்கிறது, சிந்தாது என்று நம்பிச் சாய்த்தவர் மேல் கொட்டும். குளிர்காலத்தில் வேறு ஆபத்து. இறுகிய டிரம்மை விறகுத் தீயில் காட்டுவதும், கடப்பாரையால் குத்தி உடைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். 79 டிகிரியிலேயே இதன் ஆவி தீப்பற்றும். உடைத்தால் தெறிக்கும் சில்லு வியர்வையில் ஒட்டிக் கரையும். மூடியைத் தளர்த்திவைத்து, வெந்நீர்த் தொட்டியிலோ டிரம் ஹீட்டரிலோ பொறுமையாக இளக்குவதுதான் முறை.

கையுறை அணிந்தவரெல்லாம் பாதுகாப்பானவர் என்றும் சொல்ல முடியாது. மெல்லிய லேடெக்ஸ், நைட்ரைல் கையுறைகளை அடர்ந்த பீனால் விரைவில் ஊடுருவும். பியூட்டைல் ரப்பர் அல்லது கெட்டியான நியோபிரீன் கையுறை வேண்டும். உயிரித் தொழில்நுட்ப ஆய்வகங்களில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. பிரிக்கப் பீனால் கலந்த கரைசலை அன்றாடம் எடுக்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியது ஆசிரியரின் கடமை. கையுறையில் ஒரு துளி பட்டாலும் உடனே கழற்றி மாற்ற வேண்டும். வேலையிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாகச் சட்டம் அனுமதிப்பது 5 பிபிஎம். அதற்கு வெகு கீழேயே தாரும் இனிப்பும் கலந்தாற்போன்ற வாடை தெரிந்துவிடும். வாடை பழகிவிட்டது என்று தொழிலாளர்கள் சொல்லும் கொட்டகையில் காற்றை அளந்து பார்க்காமல் இருப்பது குற்றம்.

மேலே பட்டுவிட்டால் முதல் இரண்டு நிமிடங்கள்தான் எல்லாம். சட்டை, பேன்ட், பெல்ட், ஷூ அனைத்தையும் அங்கேயே களைய வேண்டும். வெட்கத்துக்கு அது நேரமில்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால் 300 அல்லது 400 என்ற கரைசலைப் பஞ்சிலோ துணியிலோ நனைத்து, துணியை மாற்றி மாற்றி, வாடை போகும்வரை துடைத்தெடுக்க வேண்டும். பீனால் கையாளும் ஒவ்வொரு கூடத்திலும் இது எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷவரைத் திறந்து வெள்ளமாகத் தண்ணீர் விட வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்ப்பது நிலைமையை மோசமாக்கும். நீர்த்த பீனால் பரவி, அதிகப் பரப்பில் உறிஞ்சப்படும். கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டுமே, குறைந்தது பதினைந்து நிமிடம். உதவிக்கு வருபவரும் கையுறை போட்டிருக்க வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

காயம் சிறியது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது பெரும் தவறு. உடலின் சிறு பகுதியில் பட்டே இறந்தவர்கள் உண்டு. வியர்வை, நடுக்கம், வலிப்பு, இதயத் துடிப்பில் தடுமாற்றம், பிறகு மயக்கம் என்று அது மணிக்கணக்கில் வளரும். சிறுநீர் கரும்பச்சையாகவோ கறுத்தோ போவது முக்கியமான அடையாளம். மாற்று மருந்து கிடையாது. இ.சி.ஜி.யையும் சிறுநீரகத்தையும் கண்காணித்து, வருவதைச் சமாளிப்பதுதான் சிகிச்சை. என்ன ரசாயனம் என்று தெரிந்தால் மருத்துவர் டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தைக் கேட்கலாம். கூட வந்தவர் "ஏதோ ஆசிட்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

வீட்டுக் கழிவறையில் இருக்கும் கறுப்புப் பினாயிலும் இதே குடும்பம். அதில் இருப்பவை தாரிலிருந்து எடுத்த கிரெசால் போன்ற பீனால் வகைகள். டி.வி.எஸ். ஃபிப்டியில் கேனோடு வருபவரிடம், பழைய குளிர்பான பாட்டிலைக் கொடுத்துப் பிடித்து வைப்பது இன்னும் பல தெருக்களில் நடக்கிறது. தண்ணீர் கலந்தால் பாலாக வெளுக்கும் அந்தத் திரவத்தைக் குழந்தை எதுவென்று நினைக்கும்? தயாரிப்பாளர் பெயர், முகவரி இல்லாத பினாயிலை வாங்கவே கூடாது. லேபிள் உள்ள பொருளால் கேடு வந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழி சொல்வார்கள். பெயரில்லாத பாட்டிலுக்கு யாரைத் தேடிப் போவது?

ரசாயனம் வந்த டிரம்மைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதும் அதே போல் ஆபத்தானது. குடிநீரில் பீனால் வகைகள் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர அளவு. கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் பீனால் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1974இல் ரயில் தடம் புரண்டு ஏறத்தாழ 37,900 லிட்டர் பீனால் மண்ணில் இறங்கியது. அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, கறுத்த சிறுநீர். 1984 ஜனவரியில் பிரிட்டனின் டீ ஆற்றில் கலந்த பீனால், குளோரினோடு சேர்ந்து கெட்ட சுவையாக மாறி, சுமார் 20 லட்சம் பேரின் குழாய்களில் வந்தது. 2011 ஜூனில் சீனாவின் ஜெஜியாங்கில் ஒரு டேங்கர் லாரியிலிருந்து ஏறத்தாழ 20 டன் சின்ஆன் ஆற்றில் கலக்க, ஹாங்சோ நகரக் கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோனது.

நம் நெடுஞ்சாலைகளிலும் இதே சரக்கு போகிறது. உருகிய பீனால் ஏற்றிய டேங்கரில் ரசாயனத்தின் பெயரும் ஐ.நா. எண் 2312உம் பலகையில் எழுதியிருக்க வேண்டும். ஓட்டுநரிடம் அவசரகாலக் குறிப்பட்டை இருக்க வேண்டும். கவிழ்ந்த லாரியில் சிந்துவதைக் குடத்தில் பிடிக்க ஓடும் நம் மக்கள், அந்தப் பலகையைத் தூரத்திலிருந்தே படித்துத் தீயணைப்புத் துறைக்குச் சொன்னால் பல உயிர் பிழைக்கும்.

தொழிலாளிக்குச் சட்டம் தரும் முதல் உரிமை, தன் கையில் இருப்பது என்னவென்று அறிவது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது அந்த உரிமையும், உடனடி ஆபத்து தெரிந்தால் நிர்வாகத்தை எச்சரிக்கும் உரிமையும் எழுதப்பட்டன. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அவை உண்டு. மின்விசையில் இயங்கும் இடம் தொழிற்சாலை ஆவதற்கான ஆள்கணக்கு மட்டும் 10இலிருந்து 20ஆக உயர்ந்துவிட்டது. சிறு பட்டறைத் தொழிலாளர்களுக்கு இது இழப்பே. அபாயகரமானவை என மத்திய அரசு அறிவிக்கும் வேலைகளுக்கு ஆள்கணக்கு பொருந்தாது என்ற விதியை அவர்கள் பற்றிக்கொள்ள வேண்டும். எம்.எஸ்.டி.எஸ். எனப்படும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்பது தொழிலாளியின் உரிமை. கேட்டும் தரவில்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

விபத்து நடந்துவிட்டால், இ.எஸ்.ஐ. உள்ளவருக்குச் சிகிச்சையும், வேலைக்குப் போக இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் கிடைக்கும். இ.எஸ்.ஐ. இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கோரலாம். கசிவால் பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்கள், யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையின்றி, 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கேட்கலாம். மண்ணும் கிணறும் கெட்டிருந்தால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். இரண்டுக்கும் ஐந்தாண்டுக் கெடு உண்டு. அதுவரை டிரம் லேபிளின் புகைப்படம், ஆஸ்பத்திரிச் சீட்டு, கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவு, புகார் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். சீட்டு எழுதும்போதே "ரசாயனக் காயம்" என்று பொதுவாக விடாமல் "பீனால்" என்று பெயர் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும்.