புரியாமலே பதில் சொல்வது: ஆங்கில இலக்கணப் பயிற்சியும் காட்டேரிக்குப்பத்துப் பிள்ளைகளும்

ஒரு சின்னச் சோதனை. இந்த இரண்டு வாக்கியங்களை வாசியுங்கள்: 'மட்டூரான் ஒரு கிலுவட்டியை நெம்பளித்தான். அதனால் கிலுவட்டி சொய்ந்துபோனது.' இப்போது கேள்விகள். கிலுவட்டியை நெம்பளித்தது யார்? மட்டூரான் எதை நெம்பளித்தான்? கிலுவட்டி ஏன் சொய்ந்துபோனது?

மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டீர்கள். மதிப்பெண் மூன்றுக்கு மூன்று. ஆனால் கிலுவட்டி என்பது ஆடா, அண்டாவா என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, அந்தச் சொற்களெல்லாம் நான் இட்டுக்கட்டியவை. பதிலைத் தந்தது உங்கள் புரிதலல்ல. 'ஐ' என்னும் உருபும், 'ஆன்' என்னும் விகுதியும், 'அதனால்' என்னும் இணைப்புச் சொல்லும் சேர்ந்து தந்தவை அவை. ஒரு பிரதிக்குள் நுழையாமலே அதைப் பற்றிய கேள்விகளுக்குச் சரியாகப் பதில் எழுதிவிட முடியும். நம் பள்ளிகளில் 'காம்ப்ரஹென்ஷன்' என்ற பெயரில் நடக்கும் பயிற்சி பெரும்பாலும் இந்தக் கிலுவட்டி வாசிப்புதான்.

காட்டேரிக்குப்பத்தில் மாலை வேளைகளில் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கிலீஷ் டியூஷனில் என்ன வேலை என்று கேட்கலாம். போகப் போகத் தெரியும். இந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் கரும்பு வெட்டப் போகிறவர்கள் உண்டு. திருபுவனை, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் காண்ட்ராக்டில் ஷிப்டு பார்ப்பவர்கள் உண்டு. வீட்டில் ஆங்கிலம் என்றால் மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, கம்பெனி கொடுத்த ஏதோ ஒரு தாள். அதை வாசித்துச் சொல்லும் பொறுப்பு வீட்டில் படிக்கிற பிள்ளையினுடையது.

அந்தப் பிள்ளை ஆங்கிலப் பத்தியை எப்படி வாசிக்கிறது? முதலில் பத்தியை வாசிப்பதில்லை. கேள்வியை வாசிக்கிறது. "கொஸ்டின்ல இருக்குற வார்த்தைய பாராவுல தேடணும்ணா. கெடச்சா அந்த லைன அப்படியே எழுதிடணும். ஒய்னு கேட்டா பிகாஸ் எங்க இருக்குன்னு பாக்கணும்." ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் எனக்குச் சொல்லிக் கொடுத்த சூத்திரம் இது. இலக்கணத்துக்கும் இப்படியே. எஸ்டர்டே வந்தால் பாஸ்ட் டென்ஸ். நௌ வந்தால் 'இங்'. சின்ஸ் வந்தால் 'ஹாஸ் பீன்'. வாக்கியத்தில் யார் என்ன செய்தார் என்பது தேவையே இல்லை. குறிச்சொல் கிடைத்தால் போதும்.

இதைப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் பிள்ளைகளைக் கவனித்ததில்லை. தேர்வு என்கிற அமைப்பு எதைப் பரிசளிக்கிறதோ அதை மிகக் கூர்மையாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பான்களை ஒன்றோடொன்று பொருத்துகிற திறமை அது. குறிப்பீட்டுக்கு, அதாவது அர்த்தத்துக்கு, அங்கே மதிப்பெண் கிடையாது. இதற்கு ஓர் அரசியல் விளைவும் உண்டு. பிரதி சொன்னதைச் சொன்னபடியே திருப்பித் தருவதுதான் வாசிப்பு என்று பத்தாண்டுகள் பழகிய மனம், நாளை அரசாணையையும் ஒப்பந்தத்தையும் அப்படித்தான் வாசிக்கும்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் கதை. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் தீர்ந்ததும் பாண்டியன் புலவர்களைத் தேடி ஆளனுப்பினான். எழுத்தும் சொல்லும் யாப்பும் தெரிந்தவர்கள் வந்தார்கள். பொருளதிகாரம் தெரிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வதே பொருளுக்காகத்தானே, அது இல்லாமல் இவற்றைப் பெற்று என்ன பயன் என்று அரசன் வருந்தினானாம். நம் ஆங்கில வகுப்பின் நிலை அதுவே. எழுத்து வந்திருக்கிறது, சொல் வந்திருக்கிறது, பொருள் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை? ஆங்கில வகுப்பின் வாசலிலேயே பிள்ளையின் தமிழ் நிறுத்தப்பட்டுவிடுகிறது என்பது என் வாதம். சில எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்.

'த மேன் ஹூ சோல்டு த கௌ டு மை அங்கிள் ஹாஸ் லெஃப்ட் த வில்லேஜ்.' ஊரை விட்டுப் போனது யார் என்று கேட்டால், பிள்ளைகளில் பலர் 'மை அங்கிள்' என்றார்கள். இது தப்பு, ஆனால் முட்டாள்தனம் இல்லை. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'எங்க மாமாவுக்கு மாட்ட வித்த ஆளு ஊர விட்டுப் போயிட்டான்.' தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிறது. அதனால் 'ஆளு' தன் பயனிலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறான். ஆங்கிலத்தில் அடைமொழித் தொடர் பெயருக்குப் பின்னால் வந்து, எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறது. பயனிலைக்குப் பக்கத்தில் இருக்கும் மனிதரைப் பிடித்த பிள்ளை தன் மொழியின் தர்க்கப்படிதான் வாசித்திருக்கிறது. இரண்டு வாக்கியத்தையும் மேலும் கீழுமாக எழுதி, 'ஆளு எங்க இருக்கான், மேன் எங்க இருக்கான்' என்று கோடு போட்டுக் காட்டினால் பத்து நிமிஷத்தில் விளங்குகிறது. 'ரிலேட்டிவ் ப்ரோனவுன்' என்று வரையறை எழுதிப் போட்டால் பத்து மாதமானாலும் விளங்குவதில்லை.

சீன மொழி பேசும் மாணவர்களை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். சீனத்திலும் இத்தகைய அடைத்தொடர் பெயருக்கு முன்னால்தான் வரும். எனவே இந்த இடத்தில் சீனப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே வகையான இடறல். ஆனால் சீனத்தில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதில்லை. நேற்று, நாளை போன்ற சொற்களும் சில துணைச்சொற்களும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. வினையின் உடம்பிலேயே காலம் ஏறும் என்பது அந்தப் பிள்ளைக்குப் புதுச் செய்தி. நம் பிள்ளைக்கு அது தாய்ப்பாலோடு வந்தது; 'வந்தான், வர்றான், வருவான்' என்று கால இடைநிலைகளோடு வளர்ந்தவர்கள். அப்படியிருக்க, காலம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களைப் போல இவர்களை உட்கார வைத்து, குறிச்சொல் பார்த்து நிரப்பும் பயிற்சியை ஏன் தருகிறோம்? ஒவ்வொரு மொழியிலிருந்து வரும் பிள்ளையும் வேறு வேறு இடத்தில் இடறும். கைடுகளோ எல்லோருக்கும் ஒரே கோடிட்ட இடத்தை நீட்டுகின்றன.

'ஹாஸ் கம்' என்பதையே எடுத்துக்கொள்வோம். 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' என்று பட்டியல் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். 'மாமா வந்தாரு' என்பதற்கும் 'மாமா வந்திருக்காரு' என்பதற்கும் வேறுபாடு தெரியாத ஒரு பிள்ளை காட்டேரிக்குப்பத்தில் உண்டா? இரண்டாவதைச் சொன்னால் மாமா இப்போது வீட்டில் இருக்கிறார், டீ போட வேண்டும். எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்றாலும், நுழைவதற்கு இதைவிட நல்ல கதவு இல்லை.

'ஏ', 'த' என்னும் ஆர்டிகிள் தமிழில் இல்லை, அதனால் நம் பிள்ளைக்கு வராது என்பார்கள். 'மாடு வாங்கினான்', 'மாட்டை வாங்கினான்' என்ற இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு மாடு. இரண்டாவதில் நீங்களும் நானும் முன்பே பேசிக்கொண்டிருந்த அந்த மாடு. இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கி நிற்பதிலும் விரிந்து நிற்பதிலும் ஆர்டிகிளின் வேலையில் ஒரு பகுதி நடந்துகொண்டிருக்கிறது. தமிழிலக்கணம் படித்தவனுக்கு ஆங்கில வகுப்பில் வேலை இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது செயப்பாட்டுவினை. 'ராமா கில்டு ராவணா', 'ராவணா வாஸ் கில்டு பை ராமா'. இடம் மாற்று, 'வாஸ்' போடு, 'பை' சேர். கயிறு திரிப்பதுபோல நூறு வாக்கியம் திரிப்பார்கள். ஆனால் செய்தவனை வாக்கியத்திலிருந்து மறைத்துவிட ஒரு மொழி வைத்திருக்கும் வசதி அது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. '1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்.' இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம், செய்தியும் உண்மை. யாரால்? அந்த இடம் காலி. 'பை' வராமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. காவல்துறைப் பதிவும் பத்திரிகைச் செய்தியும் நிர்வாகக் கடிதமும் இந்த இலக்கணத்தில் புழங்குகிறவை. 'யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் பீன் ரிஜெக்டட்.' ரிஜெக்ட் செய்தது யார்?

பேச்சுத் தமிழில் 'கொல்லப்பட்டனர்' கிடையாது, 'கொன்னுட்டாங்க' என்கிறோம். பெயர் இல்லாவிட்டாலும் அங்கே ஒரு 'ஆங்க' நிற்கிறது. செய்தவரை மறைக்க வேண்டுமானால் வேறு வழி வைத்திருக்கிறோம்: 'வாய்க்கால அடச்சாச்சு', 'மோட்டார் ரூம பூட்டியிருக்கு'. யார் அடைத்தது, யார் பூட்டியது? சொல்ல மாட்டோம், ஊருக்கே தெரிந்திருந்தாலும். இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஆங்கிலப் பத்திகளில் 'பை' இல்லாத இடங்களைத் தாங்களாகவே தேட ஆரம்பித்தார்கள். அந்தத் தேடலைத்தான் நான் வாசிப்பு என்கிறேன்.

இந்தப் பயிற்சி முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இன்றும் கடைகளில் விற்கும் ரென் அண்டு மார்ட்டின் இலக்கணம் 1930களின் காலனிய இந்தியாவில் பிறந்தது. 1926இல் வெளிவந்த தன் இருமொழியம் பற்றிய நூலில், டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்கப் பிள்ளைக்குப் பேச்சைவிட வாசிப்பே முதல் தேவை என்று வாதிட்டு, சொற்களை அளந்து தரும் வாசகங்களை உருவாக்கினார். இதற்கு மாற்றாக நம் பக்கத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் இலக்கணப் பாடமே தனியாக இல்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து யோசிக்க வைத்தார்கள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவரது கருத்து. உலகெங்கும் மொழி கற்பித்தல் துறையில் 'பெங்களூர் திட்டம்' என்று விவாதிக்கப்பட்டது இது. டியூஷன் சென்டர்களின் வாசலில் அதன் சுவடு ஏதும் இல்லை.

புதுச்சேரியில் இப்போது இது அவசரப் பிரச்சினை. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரையிலும் பதினொன்றாம் வகுப்பிலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் கொண்டுவரப்பட்டது, 2025இல் முதல் அணி பொதுத்தேர்வு எழுதியது. அத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் எழுத்துத் தாளின் 80 மதிப்பெண்ணில் 20 முன்பின் பார்க்காத பத்திகளுக்கு. அவற்றில் வரும் பல கேள்விகளுக்குப் பதில் நேராக எந்த வரியிலும் இருக்காது, ஊகித்தறிய வேண்டும். 'வார்த்தைய தேடு, லைன எழுது' சூத்திரம் அங்கே கைவிடும். கான்வென்ட் பிள்ளைக்கு வீட்டிலேயே ஈடு செய்ய ஆள் உண்டு. நம் பிள்ளை தன்னால் முடியாது என்று முடிவு கட்டிக்கொள்ளும். வடிகட்டியின் கண் சிறிதாகியிருக்கிறது. யார் மேலே தங்குவார்கள் என்று நாம் ஊகிக்கப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை.

ஆங்கிலமே வேண்டாம், தாய்மொழி போதும் என்று சொல்ல நண்பர்கள் சிலருக்கு எளிதாக இருக்கிறது; அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு பக்கம், ஆங்கிலத்தை விடுதலையாகவே பார்க்கும் தலித் குரல்களும் உண்டு. 2010இல் உத்தரப்பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் எழுப்ப முற்பட்டார்கள். அந்த வேட்கையின் நியாயத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அர்த்தம் இல்லாமல் கிடைக்கும் ஆங்கிலம் பூசாரியிடம் கேட்கும் சமஸ்கிருதம் மாதிரிதான்: கேட்கலாம், திருப்பிச் சொல்லலாம், எதிர்க்கேள்வி கேட்க முடியாது. தமிழை வெளியே நிறுத்தி ஆங்கிலத்தைக் காப்பதும், ஆங்கிலத்தை வெளியே நிறுத்தித் தமிழைக் காப்பதும் இந்தப் பிள்ளையை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. ஆங்கிலப் பத்திக்குக் கேள்வியைத் தமிழில் கேளுங்கள். பதிலும் தமிழில் வரட்டும். ஆங்கிலச் சொல்லைப் பொருத்தித் தப்பிக்கும் வழி அப்போது அடைபட்டுவிடும், பொருளைத் தொட்டே ஆக வேண்டும். பிறகு அதே பதிலை ஆங்கிலத்தில் எழுதட்டும். கேள்வி கேட்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். பத்தியில் சொல்லப்படாதது எது என்று ஒரு கேள்வியாவது இருக்கட்டும். வீட்டிலிருக்கிற தாள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: மருந்து அட்டை, உர மூட்டையின் எச்சரிக்கை, அப்பாவின் வேலை ஒப்பந்தம். சென்ற மாதம் ஒரு பெண்பிள்ளை அப்படி ஒரு ஒப்பந்தத் தாளைக் கொண்டுவந்தாள். 'மே பி டெர்மினேட்டட் வித்தவுட் நோட்டீஸ்' என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இதுல பை இல்லியேண்ணா" என்றாள்.