நடப்போர்க்கும் உரிய வழி

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் வழியில் குந்தாரப்பள்ளியைத் தொட்டுச் செல்கிறது. வேப்பனப்பள்ளிச் சாலை இதனுடன் கூடுவதும் இங்கேதான். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையால் பெயர்பெற்ற இவ்வூரின் இருபுறமும் இன்று தொழில் வளர்ச்சி நெருங்கி வருகிறது. இத்தகைய ஊர்களில் வயல்கள் மனைகளாகின்றன. சாலையோரத்தில் உணவகங்களும் கிடங்குகளும் எழுகின்றன. இவ்வளர்ச்சியில் நடந்து செல்வோர்க்கு இடமுண்டா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

பழந்தமிழர் நெடுஞ்சாலையைப் ‘பெருவழி’ என்றனர். தருமபுரிப் பகுதியில் கிடைத்த, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கல், ஊரின் தொலைவைக் காதக் கணக்கில் கூறுகிறது. தொலைவை எழுத்தால் மட்டும் குறிக்காமல், எழுத்தறியாத வழிப்போக்கரும் தடவி எண்ணிக்கொள்ளும்படி குழிகளாகவும் பொறித்திருக்கிறார்கள். சாலையைப் பயன்படுத்துவோருள் எளியவரை முதலில் எண்ணிப்பார்த்த அந்தக் கல்தச்சரின் அறிவு வியக்கத்தக்கது.

இன்றைய நிலையைச் சிறு கணக்கால் அறியலாம். ஆறு வழிச்சாலையில் ஒரு வழியின் அகலம் 3.5 மீட்டர் எனில், நடுத்திட்டை நீக்கியே கடக்க வேண்டிய தொலைவு 21 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர்க்கு ஏறத்தாழ 18 நொடிகள் தேவை. அதற்குள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் 400 மீட்டரைக் கடந்துவிடும். முதியவரோ, ஆடுகளை ஓட்டிவரும் உழவரோ அத்தனை தொலைவிலுள்ள வாகனத்தின் வேகத்தைக் கண்ணால் அளந்துவிட முடியாது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது, ஏறத்தாழ ஐவரில் ஒருவர்.

இதற்குத் தீர்வாக நடைமேம்பாலம் அமைப்பது வழக்கம். ஆயின், படியேறி இறங்கும் உழைப்புக்கு அஞ்சிப் பலரும் கீழேயே கடக்கின்றனர். சந்தைக்கு வரும் ஆட்டைப் படியேற்றுவது எங்ஙனம்? மக்கள் தம் மட்டத்திலேயே கடக்குமாறு, நீர் தேங்காத, ஒளியுள்ள சுரங்கப்பாதை அமைப்பதும், அதன் இருமுனைகளிலும் பேருந்து நிறுத்தங்களை வைப்பதும் பொருத்தமானவை. இரவுப்பணி முடித்துத் திரும்பும் பெண் தொழிலாளர்க்கு அந்த ஒளி இன்றியமையாதது. இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறை, நடைபாதையின் குறைந்த அளவு அகலம் 1.8 மீட்டர் என்கிறது. சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே ஒதுங்கிச் செல்ல அவ்வளவேனும் வேண்டும். அதன்மேல் கடைப்பலகையோ மின்கம்பமோ நின்றால் நடைபாதை பெயரளவில்தான் எஞ்சும்.

கட்டடங்கள் சாலையை ஒட்டி நாடாப்போல் நீள்வது பிறநாடுகளும் கண்ட சிக்கலே. இங்கிலாந்து 1935ஆம் ஆண்டிலேயே இதனைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. ஊர் நீளவாக்கில் வளரும்போது பள்ளி ஒருபுறமும் குடியிருப்பு மறுபுறமுமாகப் பிரிந்து, பால் வாங்கவும் நெடுஞ்சாலைக்கே வர நேரிடுகிறது. மாறாக, ஊர் சாலையிலிருந்து உள்நோக்கி வளர்ந்தால் கடை, பள்ளி, மருத்துவ நிலையம், பேருந்து நிறுத்தம் ஆகியன 400 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடைக்குள் அமையக்கூடும்.

இதற்குப் பெருந்தடை மனைப்பிரிவுகளே எனலாம். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கிய பரப்பில் பத்து விழுக்காட்டைப் பொதுவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஆயினும், அடுத்தடுத்த மனைப்பிரிவுகளின் தெருக்கள் ஒன்றோடொன்று கூடாமல் சுவரில் முட்டி நின்றுவிடுவதுண்டு. சுவருக்கு அப்பாலுள்ள தோழியின் வீட்டுக்குச் செல்லும் சிறுமி, நெடுஞ்சாலை வரை வந்து சுற்றிப் போக வேண்டியதாகிறது. ஒப்புதல் வழங்கும்போதே, அண்டை நிலத்தின் தெருவோடு இணையும் வழியை வரைபடத்தில் குறித்தல் வேண்டும். வீடுகள் எழுந்தபின் அத்தெருவைத் திறப்பதற்கு நிலம் கையகப்படுத்த வேண்டிவரும். வரைபடத்தில் அது ஒரு கோடு மட்டுமே.