பசுவின் அடியும் கன்றின் அடியும்

குழந்தைக்குப் பாட்டுச் சொல்லித் தருவோர் பலர். தமக்குப் பிடித்த அடி எதுவெனக் குழந்தையிடம் சொல்வோர் சிலரே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இயற்றிய வெள்ளைப் பசுவும் கன்றுக்குட்டியும் பற்றிய பாடலை நாம் அனைவரும் இளமையில் பயின்றுள்ளோம். அதன் அமைப்பு நோக்கத்தக்கது. ஓரடி பசுவின் செயலைக் கூறும்; அடுத்த அடி கன்றின் செயலைக் கூறும். தாயும் சேயும் மாறி மாறிப் பாடுதற்கென்றே அமைந்தது போலும்!

நாமறிந்த இல்லமொன்றில் உம்மாவும் ஐந்து வயது மகளும் அவ்வாறே பாடி வந்தனர். மகள் பிழையின்றிச் சொல்கிறாளா என்பதொன்றே உம்மாவின் கவலை. (நம்மிற் பெரும்பாலோர் இல்லத்தையும் தேர்வுக்கூடமாக்கி விட்டோம்.) ஒருநாள் மகள், "உங்களுக்கு எந்த வரி பிடிக்கும், உம்மா?" என்று வினவினாள். உம்மா எண்ணியும் பாராத வினா அது. சற்றே தயங்கி, பசு கன்றை நக்கிக்கொடுக்கும் அடியைச் சொன்னார். மகளோ, கன்று துள்ளும் அடியே தனக்குப் பிடிக்கும் என்றாள். குழந்தையை ஈர்ப்பது ஓட்டமும் ஓசையும். பொருள் பின்னரே வரும். உம்மாவின் விடையால் அப்பொருள் சற்று முன்னரே வந்தது போலும். மறுநாள் பசுவின் அடிகளை மகளே எடுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நீங்கதான் கன்னுக்குட்டி, உம்மா" என்றாள்.