புய நரம்புப் பின்னல் காயத்திற்கான படிமச் சோதனைகள்

புய நரம்புப் பின்னல் என்பது கழுத்தருகே தண்டுவடத்திலிருந்து புறப்பட்டுக் கைக்குச் செல்லும் 5 நரம்பு வேர்களின் பிணைப்பு ஆகும். வயது வந்தோரில் இது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் காயமடைகிறது. வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டதா, வெளியே அறுந்ததா என்பதே முதன்மையான கேள்வி. வெளியே அறுந்ததை ஒட்டு நரம்பால் இணைக்க இயலும். பிடுங்கப்பட்டிருந்தால் வேறொரு நரம்பைத் திருப்பி இணைப்பர்.

மீயொலிச் சோதனை செலவு குறைந்தது. முழங்கை, மணிக்கட்டு நரம்புகளுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் முதுகெலும்புக்குள் இருக்கும் வேர்களை அது காட்டாது. அதற்கு எம்.ஆர்.ஐ. அல்லது தண்டுவட நீரில் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. தேவை. பின்னதை விபத்து நடந்து 3-4 வாரங்கள் கழித்தே எடுப்பர். முந்தினால் உறைந்த குருதி வேரை மறைத்து, செலவு வீணாகலாம். 6 மாதங்களுக்கு மேல் அறுவையைத் தள்ளினாலோ தசை மீளும் வாய்ப்புக் குறையும்.

மலிவான மார்பு எக்சு-கதிர்ப் படத்தையும் புறக்கணிக்கலாகாது. காயமுற்ற பக்கத்து உதரவிதானம் அதில் உயர்ந்து தெரிந்தால் மேல் வேர்கள் பிடுங்கப்பட்டிருக்கலாம். உதரவிதான நரம்பும் அவற்றை ஒட்டியே புறப்படுகிறது.