மூளைக்குள் போகாத மருந்து

பந்து விளையாடித் திரிந்த எட்டு வயதுப் பையன் ஒருவன், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையில் கால்கள் விறைத்து, சக்கர நாற்காலியில் உட்கார வேண்டியவனானான். அமெரிக்காவில், நியூயார்க் நகரில் சிகிச்சை பெற்ற பிள்ளை அவன். காய்ச்சலில்லை, அடிபடவுமில்லை. பிறகு என்னதான் நேர்ந்தது?

நம் உடலின் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்னும் சின்னஞ்சிறு உலைகள் இருக்கின்றன. நாம் உண்ணும் சோற்றைச் சக்தியாக மாற்றுபவை அவையே. ஆனால், மரத்தை வெட்டிவிட்டால் மட்டும் பால் ஸ்டோருக்குப் போய்விடுமா? வாளியில் சுமந்து செல்ல ஆள் வேண்டும் அல்லவா? அந்த உலைக்குள் எலெக்ட்ரான்களை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் சுமந்து செல்வது கோஎன்சைம் கியூ 10 என்னும் பொருள். 1957இல் பிரெடரிக் கிரேன் என்பவர் இதை மாட்டின் இருதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, நம் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. ஆகவே சுமப்பவர் குறைந்தால் மூளை எளிதில் தள்ளாடும்.

"அந்தச் சத்துதான் கடையில் மாத்திரையாக விற்கிறதே, வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிறுநீரகத்தைத் தாக்கும் சில வகைகளில் அம்மாத்திரையை விரைவில் தொடங்கினால் பலன் கிடைப்பதுண்டு. மூளைக்கோ இரத்தத்திலிருந்து கண்டதெல்லாம் நுழையாதபடி ஒரு காவல் இருக்கிறது. உருவில் பெரிய, எண்ணெயில் மட்டும் கரையும் இப்பொருள் அந்தக் காவலைத் தாண்டுவது அரிது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் மைக்கேல் பக்கோல்டும் அவருடைய குழுவினரும் வேறு வழியை யோசித்தார்கள். கட்டிய வீட்டை வாசல் வழியே நுழைக்க முடியாது, செங்கல்லை நுழைக்கலாம். எச்.பி.டி.எல். என்னும் மரபணு பழுதானால், கியூ 10ஐக் கட்டுவதற்கான ஒரு செங்கல் உடலில் தயாராவதில்லை. அதற்கு அடுத்த படியில் வரும் சிறு பொருளை, 4-எச்.பி. என்பதை, நோயுள்ள எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். சில வாரங்களில் சாக வேண்டிய அவை பெரும்பாலும் வளர்ந்து பெரிதாயின.

அந்தப் பையனுக்கும் இதே மரபணுப் பழுதுதான். அரசாங்கத்தின் தனி அனுமதி பெற்று, 2023 டிசம்பரில் மருந்து தொடங்கினார்கள். இரண்டே மாதத்தில் அவன் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தான். கால் விறைப்பு முழுவதும் நீங்கவில்லை. 2025 ஜூலையில் 'நேச்சர்' இதழில் இச்செய்தி வெளிவந்தது.

ஒரே ஒரு பிள்ளையின் கதை இது என்பதை மறக்க வேண்டாம். மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிள்ளை இல்லை. ஆதலால் இப்பொருளை எங்கேனும் தேடி வாங்கி, நாமாகவே பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து.

தாயும் தந்தையும் நோயில்லாமலே இப்பழுதைச் சுமக்கலாம். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்காள் மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் முடித்தவர்களிடம் இருவருக்கும் ஒரே பழுது இருக்க இடம் அதிகம். நன்றாக நடந்த பிள்ளை தடுமாறத் தொடங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். உறவில் செய்த கலியாணம் என்றால் அதையும் கூசாமல் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.